பஞ்சர் எண்ணிக்கை என்னும் பொய்யளவுகோல்

ஒரு ஸ்கூட்டர் டயர் மூன்று முறை பஞ்சர் ஆகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது, இனி ஒட்டிப் பயனில்லை, புதிது போடுவதே பாதுகாப்பு என்ற கருத்து தமிழ்நாட்டின் சர்வீஸ் நிலையங்களிலும் பஞ்சர் கடைகளிலும் வண்டி ஓட்டுவோரின் அன்றாடப் பேச்சிலும் கேள்விக்கு அப்பாற்பட்ட விதியாகவே நிலைபெற்றிருக்கிறது. எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு என்பாரும் உண்டு, ஐந்து என்பாரும் உண்டு, டியூப்லெஸ் டயரில் முதல் ஆணி ஏறியதுமே மாற்றிவிடுவது நல்லது என்பாரும் உண்டு. ஆனால், ஒரு டயர் ஓடத் தகுந்ததா இல்லையா என்பதை அதில் விழுந்த ஓட்டைகளை எண்ணியே முடிவுசெய்துவிடலாம் என்பதில் இவர்கள் அனைவரும் ஒன்றுபடுகிறார்கள். இங்கே மறுக்கப்படுவது அந்த அடிப்படைதான். ஓட்டை எந்த இடத்தில் விழுந்தது, எவ்வளவு பெரியது, காற்று இறங்கிய பிறகு வண்டி எவ்வளவு தூரம் ஓட்டப்பட்டது, பட்டன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, டயர் தயாராகி எத்தனை ஆண்டுகள் ஆயின என்பவையே அதன் தகுதியைத் தீர்மானிக்கின்றன. இவற்றுக்கு விடை காண டயரைக் கையில் எடுத்துப் பார்த்தாக வேண்டும்; எண்ணுவதற்கோ பார்க்கவே தேவையில்லை, அதனால்தான் அந்த விதி இவ்வளவு எளிதாகப் பரவியது.

டயர் என்பது ஒரே வார்ப்பில் ஊற்றி எடுத்த ரப்பர் வளையம் அன்று. நைலான் இழைகளை ரப்பரில் பதித்த படலங்கள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்காகப் படிந்து உருவாகும் அடுக்கே அதன் உடல். தொழிலில் கார்க்கஸ் எனப்படும் இதனை டயரின் உடற்கூடு எனலாம். அந்தக் கூட்டின் இரு ஓரங்களிலும் எஃகுக் கம்பி வளையம் புதைந்த விளிம்பு, அதாவது பீட், ரிம்மைக் கவ்விப் பிடித்திருக்கிறது. வெளிப்புறத்தில் தரையைத் தொடும் தடித்த ரப்பர்ப் பட்டை இருக்கிறது, அதில் வெட்டப்பட்ட கட்டங்களையே பேச்சுவழக்கு பட்டன் என்கிறது. பட்டனுக்கும் விளிம்புக்கும் இடையில் ஓயாமல் வளைந்து நிமிர்வது மெல்லிய பக்கச்சுவர். டியூப்லெஸ் டயரில் இவற்றோடு, காற்றை எளிதில் கசியவிடாத பியூட்டைல் வகை ரப்பரில் ஓர் உட்படலமும் உண்டு. வண்டியின் சுமையைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்றும் அதை இறுக்கிப் பிடித்திருக்கும் இழைகளும்தான். பட்டனின் நடுவில் இறங்கும் ஓர் ஆணி இழைகளில் சிலவற்றை ஒதுக்கியும் சிலவற்றை அறுத்தும் உள்ளே போகிறது. சுற்றியுள்ள இழைகள் அந்தச் சிறு இடத்தின் பாரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு சாண் தள்ளி இன்னோர் ஆணி இறங்கினால் அதுவும் தனியான சிறு காயமே தவிர, முதல் காயத்தோடு கூடி ஒரு பெருங்காயம் ஆகிவிடுவதில்லை. இரண்டும் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நெருங்கினால் மட்டுமே நிலைமை மாறும். இடைவெளியைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியை எண்ணிக்கையைப் பற்றிய கேள்வியாக்கியது இந்த விதியின் முதல் பிழை.

இப்பிழையின் வேரைத் தேடினால் டியூப் காலத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. பஜாஜ் சேட்டக் போன்ற ஸ்கூட்டர்களில் 3.50-10 என்ற அளவுள்ள டயரும், அதனுள் தனி டியூபும், நட்டுகளைக் கழற்றினால் இரண்டு பாதிகளாகப் பிரியும் ரிம்மும் இருந்தன. வண்டியோடு ஸ்டெப்னியும் வந்தது. (வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரின் ஸ்டெப்னி தெருவில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான உபரிச் சக்கரத்தின் பெயர்தான் தமிழ்ப் பேச்சில் இன்றும் வாழ்கிறது.) ஆணி ஏறினால் காற்று போவது டியூபில் விழுந்த ஓட்டை வழியாக, டயரில் அது ஊசித்தடம் போன்ற ஒரு வழி மட்டுமே. டியூபோ பலூன் போல விரிந்து நிற்கும் மெல்லிய உறை. பேட்ச் ஒட்டிய இடம் மற்ற இடங்களைப் போல விரியாது. பேட்ச் மேல் பேட்ச் ஏறினாலோ, வால்வின் அடிப்பக்கத்திலோ பொருத்துக் கோட்டிலோ ஒட்ட நேர்ந்தாலோ ஓரங்கள் பெயர்ந்து காற்று மறுபடி போகும். ஆகவே நாலைந்து ஒட்டுப் போட்ட டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்த்துவிட்டு, இனி இது தாங்காது, வேறு டியூப் வாங்கி வாருங்கள் என்று அக்காலத்துத் தொழிலாளி சொன்னதில் நியாயம் இருந்தது. பிறகு டியூப்லெஸ் டயர் பெருகியது. டியூப் போனது, ஸ்டெப்னியும் பெரும்பாலான ஸ்கூட்டர்களிலிருந்து போனது. டியூபைக் குறித்துச் சொல்லப்பட்ட அந்தக் கணக்கு மட்டும் போகாமல் டயரின் தலையில் ஏறிக்கொண்டது. மலிவான, மெல்லிய ஓர் உறைக்கு ஏற்பட்ட அனுபவ அறிவை, விலையும் தடிமனும் கட்டுமானமும் முற்றிலும் வேறான ஒரு பொருளுக்கு ஆராயாமல் பொருத்துவது அறிவாகாது.

டயரை உண்மையில் கொல்வது எது என்பதை ஓர் எளிய கணக்கு காட்டும். இன்று மிகுதியாக ஓடும் 110 சிசி ஸ்கூட்டர்களின் பின்சக்கரத்தில் 90/100-10 என்ற அளவு பரவலாகக் காணப்படுகிறது. இதில் 90 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 100 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் நூறு விழுக்காடு, அதாவது அதுவும் 90 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கிறது. 10 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பத்து அங்குலம் 254 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர் உயரத்தைச் சேர்த்தால் சக்கரத்தின் விட்டம் 434 மில்லிமீட்டர். சுற்றளவு ஏறத்தாழ 1,363 மில்லிமீட்டர். ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு இந்தச் சிறிய சக்கரம் சுமார் 730 முறை சுழல வேண்டும். காற்று சரியாக இருக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் சிறிதளவே வளைந்து நிமிர்கிறது. காற்று முழுவதும் இறங்கிய நிலையில் வண்டியின் எடையும் ஆளின் எடையும் மேலே ஏறினால் அது ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் சிக்கி மடிந்து நசுங்குகிறது. வீடு இரண்டு கிலோமீட்டர்தானே, மெதுவாகப் போய்விடலாம் என்று ஓட்டிச் சென்றால், அந்த ஒரே பயணத்தில் ஏறத்தாழ 1,460 முறை மடிகிறது.

அப்படி ஓட்டப்பட்ட டயரைக் கழற்றி உட்புறத்தில் கைவிட்டால், பொடித்த மிளகு போலக் கரகரப்பான கறுப்புத் தூள் விரலில் ஒட்டும். அது மடிப்பில் தேய்ந்து உதிர்ந்த உட்படலம். வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தால், பக்கச்சுவரின் உட்புறம் முழுவதும் விளிம்புக்கு இணையாக ஒரு வளையக் கோடு சுருக்கம் விழுந்து தெரியும்; கட்டைவிரலால் அழுத்தினால் அந்த இடம் மட்டும் விறைப்பு இழந்து நைந்த துணியாக வளைந்துகொடுக்கும். உள்ளிருக்கும் இழைகள் சூட்டிலும் மடிப்பிலும் அறுந்துவிட்டன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அந்த டயருக்கு ஒரே ஒரு பஞ்சர்; பட்டனும் புதிதாகவே இருக்கும்; எண்ணிக்கை விதிப்படி அது நல்ல டயர், ஒட்டிக் காற்றடித்து அனுப்பிவிடலாம். அதே கடையில், பட்டனின் நடுப்பகுதியில் தள்ளித் தள்ளி நான்கு சிறு ஆணிகள் ஏறி, ஒவ்வொரு முறையும் காற்று இறங்கும் முன்பே சரிசெய்யப்பட்ட இன்னொரு டயர் குப்பைக்குப் போகிறது. சாலையில் வெடிக்கக்கூடியதைத் தேர்ச்சியுறச் செய்து, ஓடக்கூடியதைத் தள்ளுபடி செய்யும் ஒரு விதியைப் பாதுகாப்பு விதி என்று அழைப்பது பெரும் அநீதி.

அடிக்கடி பஞ்சர் ஆவதே டயர் நலிந்துவிட்டது என்பதற்கு அடையாளம் ஆகாதா என்று இவ்விடத்தில் கேட்கப்படலாம். பட்டன் தேய்ந்து ரப்பர் மெலிந்த டயரில் ஆணியும் முள்ளும் எளிதாக உள்ளே இறங்கும் என்பது உண்மையே. ஆனால் அங்கே டயரை மாற்றச் சொல்வது தேய்மானம், பஞ்சரின் எண்ணிக்கை அன்று. முதல் பஞ்சருக்கு முன்பே அந்த டயர் மாற்றத்துக்கு உரியதாகிவிட்டது. பட்டன் நன்றாக இருந்தும் வாரத்துக்கு ஒருமுறை காற்று போகிறது என்றால், காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்காமல் விட்டார்கள் என்றே பொருள். டியூப் உள்ள டயர்களில் இதற்கு மிகப் பரவலான காரணம் முள். சீமைக் கருவேல முள் டயரைத் துளைத்து டியூபைக் குத்தியபின் வெளியே தெரியும் பகுதி தரையோடு தேய்ந்து போய்விடுகிறது; நுனி மட்டும் டயரின் உள்ளே தங்கிவிடுகிறது. டியூபை வெளியே எடுத்து, ஓட்டையைத் தொட்டியில் கண்டு, அரத்தால் தேய்த்து, சொல்யூஷன் தடவிக் காயவிட்டு, பேட்சை ஒட்டித் தட்டி, எல்லாம் முறையாகச் செய்த தொழிலாளி, டயரின் உட்புறத்தை ஒருமுறை விரலால் தடவிப் பார்க்கவில்லை என்றால், மறுநாளே அதே முள் பேட்சுக்குப் பக்கத்தில் குத்தும். மூன்றாம் நாளும் குத்தும். மூன்று பஞ்சர் கணக்கும் அங்கே நிறைவேறிவிடும்; டயரோ எந்தக் குற்றமும் செய்யவில்லை.

லீவர் போட்டு டயரை ரிம்மில் ஏற்றும்போது டியூப் இடையில் சிக்கி நசுங்குவது இன்னொரு காரணம்; குறைந்த காற்றோடு பள்ளத்தில் இறங்கும்போது ரிம்மின் இரு ஓரங்களும் டியூபைக் கடித்து, பாம்புக் கடி போல இணையான இரு துளைகளை உண்டாக்குவது மற்றொன்று. டியூப்லெஸ் சக்கரத்தில் ஓட்டையே இல்லாமலும் காற்று இறங்கும்: ரிம்மின் ஓரத்தில் துரு ஏறி விளிம்பு சரியாக அமராமல் போவது, ரப்பர் வால்வின் அடியில் வெடிப்பு விழுவது, வால்வு பின் தளர்வது ஆகிய மூன்றையும் சோப்பு நீர் ஊற்றிப் பார்த்தால் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடலாம். துருப்பிடித்த ரிம்மின் மேல் புதிய டயரை ஏற்றினால், பணம் போன பிறகும் காற்று போய்க்கொண்டுதான் இருக்கும். முன்சக்கரத்தைவிடப் பின்சக்கரமே மிகுதியாகப் பஞ்சர் ஆவதற்கும் டயரின் தரத்தோடு தொடர்பில்லை. தரையில் படுத்துக் கிடக்கும் ஆணியை முன்சக்கரம் தட்டி நிமிர்த்திவிட, அதிகச் சுமையோடு பின்னால் வரும் சக்கரம் அதன் மேல் ஏறுகிறது.

மாற்றச் சொல்வோர் தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. காரில் ஒரு சக்கரம் போனாலும் மூன்று தாங்கும். ஸ்கூட்டரில் இருப்பவை இரண்டே சக்கரங்கள், முன்சக்கரத்துக் காற்று திடீரென இறங்கினால் ஓட்டுபவர் விழுந்துவிடுவார், எனவே சிறிய ஐயம் இருந்தாலும் மாற்றிவிடுவதே அறிவு என்பது அவ்வாதம். அதன் முதற்பகுதி முழு உண்மை. ஆனால் அந்த உண்மை வேண்டுவது கூர்மையான சோதனையையே. பக்கச்சுவரில் குண்டூசி அளவு ஓட்டை விழுந்தாலும் அதை ஒட்டி ஓட்டக்கூடாது, ஏனெனில் ஒவ்வொரு சுற்றிலும் வளையும் இடத்தில் எந்த அடைப்பும் நிலைத்து நிற்காது. பட்டனும் பக்கச்சுவரும் சேரும் தோள்பகுதிக்கும் இது பொருந்தும். கார் டயர்களுக்கு மேலைநாட்டுத் தொழில் அமைப்புகள் வகுத்துள்ள வரையறையின்படி, பட்டன் பகுதியிலேயே ஆனாலும் ஓட்டையின் குறுக்களவு ஆறு மில்லிமீட்டரைத் தாண்டினால் பழுதுபார்க்கக் கூடாது. இரு சக்கர வாகனத்துக்கு அதைவிடத் தளர்வான அளவைக் கொள்ள எந்த நியாயமும் இல்லை. இந்த அளவுகோலை முன்வைத்தால், எண்ணிக்கை விதி ஒட்டச் சொல்லும் பல டயர்கள் முதல் பஞ்சரிலேயே விலக்கப்படும். கண்டிப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது இதிலிருந்தே விளங்கும்.

ஒட்டும் முறையைக் குறித்த குறையும் உண்மையானதே. தெருவோரக் கடைகளில் டியூப்லெஸ் பஞ்சருக்குப் பெரும்பாலும் செய்யப்படுவது ஸ்ட்ரிப் வைப்பது: ஆணியைப் பிடுங்கி, முறுக்குப் பள்ளமுள்ள ஊசியால் ஓட்டையைக் குடைந்து, பிசுபிசுப்பான ரப்பர் பூசிய கயிற்றுத் துண்டை மடித்து உள்ளே செலுத்தி, வெளியே நீட்டும் இரு முனைகளையும் பிளேடால் அறுத்துவிடுவது. ஐந்து நிமிடத்தில் முடியும் இந்த வேலையில் டயர் ரிம்மிலிருந்து இறங்குவதே இல்லை. ஆகவே உள்ளே கறுப்புத் தூள் இருக்கிறதா, இழை அறுந்திருக்கிறதா என்பதை எவரும் பார்ப்பதில்லை. உட்படலத்தில் விழுந்த கிழிசலும் முறையாக மூடப்படுவதில்லை. டயரை இறக்கி, உட்புறத்தைச் சுரண்டிச் சுத்தம்செய்து, தண்டும் தலையும் சேர்ந்த காளான் வடிவ பேட்சை உள்ளிருந்து இழுத்துப் பொருத்தி ஒட்டுவதே நிலையான பழுதுபார்ப்பு. தண்டு ஓட்டையை அடைக்கிறது, தலை உட்படலத்தை மூடுகிறது. ஸ்ட்ரிப்பின் குறைபாட்டைக் காட்டி டயரையே மாற்றச் சொல்வோர், இந்த இடைவழியை ஏன் சொல்வதில்லை என்பதே இங்கு எழும் கேள்வி. பல ஊர்களில் ஸ்கூட்டர் டயருக்கு அதைச் செய்து தருவோர் அரிதாகிவிட்டனர் என்பது வருந்தத்தக்க செய்தி. கேட்பார் இல்லாததால் அந்தக் கைவேலை மறைகிறது, கைவேலை மறைவதால் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை என்ற எண்ணம் வலுக்கிறது.

காயம்பட்ட டயரை ஆராய்ந்து மீண்டும் பயன்படுத்துவது ஏழ்மையின் அடையாளம், பொறியியலுக்கு ஒவ்வாதது என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் பேருந்துகளில் பட்டன் தேய்ந்த டயர்கள், உடற்கூடு சோதிக்கப்பட்டபின், புதிய பட்டை ஏற்றப்பட்டு மறுபடி ஓடுகின்றன. ரீட்ரெடிங் எனப்படும் இம்முறையில் பயணிகள் விமானங்களின் டயர்களும் பலமுறை புதுப்பிக்கப்படுகின்றன. நூற்றுக்கணக்கானோரின் உயிரைச் சுமந்து தரையிறங்கும் டயருக்கு இடப்படும் நிபந்தனை, உடற்கூடு குறையின்றி இருக்க வேண்டும் என்பதே. நாள்தோறும் இருபது கிலோமீட்டர் அலுவலகம் போய்வரும் ஸ்கூட்டருக்கு மட்டும் பார்க்காமலே தீர்ப்பு வழங்குவதற்கு என்ன காரணம் இருக்க முடியும்?

எண்ணிக்கை விதியின் மிகக் கொடிய விளைவு, மாற்ற வேண்டிய டயரை மாற்றாமல் வைத்திருக்கச் செய்வதே. பஞ்சர் ஆகாத டயர் நல்ல டயர் என்ற நம்பிக்கை அதன் மறுபக்கம். மத்திய மோட்டார் வாகன விதிகள் இரு சக்கர வாகனங்களின் பட்டன் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கின்றன. பள்ளத்தின் அடியில் சிறு மேடாக அமைந்திருக்கும் தேய்மானக் குறியின் மட்டத்துக்குப் பட்டன் இறங்கிவிட்டால், ஒரு பஞ்சர்கூட ஆகாத டயரும் மழைநாளில் தண்ணீரை ஒதுக்கித் தரையைப் பிடிக்கும் வலிமையை இழந்துவிடுகிறது. வயதும் அப்படித்தான். பக்கச்சுவரில் பதிந்துள்ள நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2316 என்றிருந்தால் அது 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரான டயர். வெயிலிலும் ஓசோனிலும் ரப்பர் கெட்டிப்பட்டு, பக்கச்சுவரில் நுண்ணிய வெடிப்புகள் விடுகிறது. ஓய்வுபெற்றோர் வீட்டு வாசலில் மாதம் நூறு கிலோமீட்டர் மட்டும் ஓடும் ஸ்கூட்டரில் இத்தகைய டயர், பட்டன் பளபளக்க, ஒரு பஞ்சரும் காணாமல், எவருடைய ஐயத்துக்கும் உட்படாமல் இருக்கும். பஞ்சரை எண்ணும் பழக்கம் இந்த நான்கு இலக்கங்களைப் படிக்கும் பழக்கத்தை வளரவே விடவில்லை.

காற்றழுத்தத்தைப் பற்றியும் இதையே சொல்லலாம். ஹோண்டா ஆக்டிவா போன்ற வண்டியில் முன்சக்கரத்துக்கு 22 பிஎஸ்ஐ, பின்சக்கரத்துக்கு ஒருவர் செல்லும்போது 29, இருவர் செல்லும்போது 36 என்று வண்டியிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. இந்த அளவைப் பாராமல் கம்ப்ரசரின் முள் எங்கு நிற்கிறதோ அங்கு விடும் வழக்கத்தோடு எத்தனை புதிய டயர் போட்டாலும் பாதுகாப்பு வந்துவிடாது. புதிய டயரின் வழுவழுப்பான மேற்பரப்பு தரையைச் சரியாகப் பிடிக்கத் தொடங்குவதற்கு நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் நிதானமாக ஓட்டியாக வேண்டும் என்பதையும், மாற்றுவதே பாதுகாப்பு என்று சொல்வோர் வாங்குபவருக்கு எடுத்துரைப்பது அரிது.

இதன் செலவை யார் சுமக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது தகாது. உணவுப் பொட்டலம் சுமந்து நாள் முழுதும் ஓடும் இளைஞருக்கும், பின்னலாடை நிறுவனத்துக்கு ஷிப்டு நேரத்தில் போய்ச் சேர வேண்டிய பெண்ணுக்கும், ஒட்டுவதற்கும் மாற்றுவதற்கும் இடையிலான வேறுபாடு ஒரு நாள் கூலிக்கும் மேற்பட்டது. அந்தத் தொகையை உயிர் பயத்தைக் காட்டி, ஆராயாமல் வாங்குவது அவர்களுக்கு இழைக்கப்படும் தீங்கு. மேலும், 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த வல்கனைசிங் முறையில் கந்தகம் சேர்த்துச் சுட்ட ரப்பரை மறுபடி உருக்கிப் புதுப்பொருளாக வார்க்க முடியாது; எறிந்த டயரை மக்கச்செய்யவும் முடியாது. கழிவு டயருக்கு உற்பத்தியாளரே பொறுப்பேற்க வேண்டும் என்று மத்திய அரசு 2022இல் விதி வகுத்த பிறகும், அரைவாழ்வு மிஞ்சிய டயர்களைக் குவியலில் சேர்த்துக்கொண்டே போவதற்கு நியாயம் கற்பிக்க முடியாது.

ஆகவே, மாற்ற வேண்டும் என்று சொல்லும் கடையிடம் வண்டியின் உரிமையாளர் கேட்கத் தகுந்தது ஒன்று உண்டு. டயரை ரிம்மிலிருந்து இறக்கி, உட்புறத்தை வெளிச்சத்தில் விரித்து, எந்த இடத்தில் எந்தக் குறை அதை ஓட முடியாததாக்கிவிட்டது என்பதைச் சாக்பீஸால் வட்டமிட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். தோளில் விழுந்த கிழிசலாக, நைந்த பக்கச்சுவராக, தேய்மானக் குறியைத் தொட்ட பட்டனாக, பத்தாண்டு பழைய இலக்கங்களாக அது கண்ணுக்குத் தெரியுமானால் பேச்சு அங்கே முடிந்தது, புதிய டயரை அன்றே போட்டுவிடலாம். வட்டமிட இடம் கிடைக்கவில்லை என்றால், உள்ளிருந்து ஒரு பேட்ச் ஒட்டி, காற்றை அளந்து அடித்து, அதே டயரை ரிம்மில் ஏற்றித் தர வேண்டியதுதான் கடைக்காரரின் வேலை.